வாய்ப்பாடும் வாய்ப்பேச்சும்

பள்ளியிலே பிள்ளை முதன்முதல் கற்பது எழுத்து என்றே நம்மில் பலரும் எண்ணியிருக்கிறோம். பழந்தமிழரின் கல்வி முறையை நோக்கினால் உண்மை வேறாயிருக்கக் காணலாம். ஆசிரியரிடம் கற்பதைப் ‘பாடம் கேட்டல்’ என்றே நம் முன்னோர் வழங்கினர். பெருக்கற் கணக்குக்கு ‘வாய்ப்பாடு’ என்று பெயர் வைத்தனர். முன்னது செவியின் தொழில். பின்னது வாயின் தொழில். திருக்குறளிலும் கல்வி, கல்லாமை என்னும் 40, 41-ஆம் அதிகாரங்களை அடுத்துக் ‘கேள்வி’ என்பது 42-ஆம் அதிகாரமாக அமைந்துள்ளது. ‘சொல்வன்மை’ 65-ஆம் அதிகாரமாக வருகிறது. ஆகவே கேட்டலும் பேச்சும் இக்காலக் கல்வியாளர் புதிதாகக் கண்டவை அல்ல.

அவ்வாறாயின், பாடப்புத்தகத்தைத் தங்குதடையின்றி வாசிக்கும் பிள்ளை, “நேற்று வீட்டில் என்ன நடந்தது, சொல் பார்க்கலாம்” என்றதும் வாய் திறவாது நிற்பது ஏன்? இவ்வினாவுக்கு வரலாற்றிலே விடை உண்டு.

பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் பாடம் கேட்கும் முறையைத் தனியே விளக்கினார். ஆசிரியர் சொல்வதை நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் மாணாக்கனுக்குக் கிட்டுவது புலமையில் கால் பங்கே என்பது அவர் கணக்கு. உடன் பயில்வாரோடு பழகுவதால் இன்னொரு கால் பங்கு வரும். தான் கற்றதைப் பிறருக்குச் செவ்வையாக எடுத்துரைக்கும்போதுதான் எஞ்சிய அரைப் பங்கும் கைகூடும். வினாவுதலையும் வினாவியதற்கு விடை கூறுதலையும் அவர் கற்கும் நெறிகளாகவே வைத்தார். கேட்டல் தொடக்கம், பேச்சே நிறைவு என்பது இதன் பொருள்.

பிற்காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் இந்த நெறி சுருங்கிற்று. அச்சுப் புத்தகம் அரிதாயிருந்த காலம் அது. உபாத்தியாயரோ, சட்டாம்பிள்ளையோ சொல்ல, மற்றப் பிள்ளைகள் உரத்த குரலில் திருப்பிச் சொல்வர். மணலில் விரலால் எழுதுவர். டாக்டர் உ.வே. சாமிநாதையர் ‘என் சரித்திரம்’ என்னும் நூலில் அப்பள்ளிகளை விளக்கியுள்ளார். அம்முறையால் நினைவாற்றல் வளர்ந்தது, உச்சரிப்புத் திருந்திற்று. ஆயினும், பிள்ளையின் வாயிலிருந்து வந்த சொல் அவனுடையதன்று, உபாத்தியாயருடையது. ஒப்பித்தல் இருந்தது, உரையாடல் இல்லை.

இத்திண்ணை முறை கடல் கடந்து சென்ற கதையும் ஈண்டு நினைக்கத்தக்கது. சென்னை எழும்பூரில் படைவீரரின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கென 1789-இல் தொடங்கிய விடுதிப் பள்ளியை ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் நடத்தி வந்தார். நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். மூத்த பிள்ளைகளைக் கொண்டே இளையவர்களுக்குக் கற்பிக்கவும் செய்தார். அந்த அனுபவத்தை 1797-இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்னும் பெயரால் அது இங்கிலாந்தெங்கும் பரவிற்று. குறைந்த செலவில் பல பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல அது உதவிற்று என்பதில் ஐயமில்லை. ஆனால் அங்கும் பிள்ளையின் சொந்தச் சொல்லுக்கு இடம் குறைவே.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1816-இல் தொடங்கப்பெற்ற பினாங்கு இலவசப் பள்ளியில் நடந்த தமிழ் வகுப்பே மலாயாவில் தமிழ்க் கல்வியின் தொடக்கம் என்பர். தோட்டங்களில் பள்ளி பெருகியது 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்துக்குப் பின்னராகும். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்றாயிற்று. பள்ளிகள் பல, ஒரு கொட்டகையும் ஓர் ஆசிரியருமாக நடந்தன. எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியும் கிராணியும் கூட ஆசிரியராயினர். பயிற்சி பெறாத ஒருவர் பல வகுப்புகளை ஒரே நேரத்தில் நடத்த வேண்டுமாயின், பிள்ளைகளை ஒன்றாகக் கூவ வைப்பதைத் தவிர வேறு வழி ஏது? அவர்களைக் குறை கூறல் தகாது. அவர்கள் இல்லையேல் தோட்டத்துப் பிள்ளை எழுத்தையே கண்டிராது.

1957-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்பின் தமிழ்ப் பள்ளிகள் தேசியக் கல்வி முறைக்குள் வந்தன. 1983-இல் தொடக்கப் பள்ளிப் புதிய கலைத்திட்டம் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தபோது, கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து என நால்வகைத் திறன்களும் பாடத்திட்டத்தில் இடம்பெற்றன. 2011-இல் வந்த கலைத்திட்டமும் கேட்டல், பேச்சுக்குத் தனி இடம் தந்தது. எனினும், 1988 தொடங்கி 2021-இல் கைவிடப்படும் வரை நடந்த யூபிஎஸ்ஆர் தேர்வில் தமிழுக்குரிய தாள்கள் கருத்துணர்தலும் எழுத்துமே. தேர்வு கேளாததை வகுப்பு மறந்தது. பேச்சுப் பாடவேளை கட்டுரைப் பயிற்சிக்கு ஆளான கதையை ஆசிரியர் யாவரும் அறிவர்.

சிங்கப்பூரில் நிலை சற்று வேறு. 2005-இல் வெளிவந்த தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழுவின் அறிக்கை, பேச்சுத் தமிழை வகுப்பில் பயன்படுத்தப் பரிந்துரைத்தது. தொடக்கப் பள்ளி இறுதித் தேர்விலும் தமிழுக்கு வாய்மொழிக்கு 25 விழுக்காடும், கேட்டலுக்கு 10 விழுக்காடும் உண்டு. வீட்டில் தமிழ் ஒலி குறைந்துவரும் இடத்தில் இதன் அருமை பெரிது.

என் பிழை ஒன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் பணியில் சேர்ந்த புதிதில், இரண்டாம் ஆண்டுச் சிறுமி ஒருத்தி, “சார், எங்க மாடு கன்னு போட்டுச்சு” என்று ஓடி வந்தாள். “கன்று ஈன்றது என்று சொல்” என்றேன். அவளும் அவ்வாறே சொல்லி அமர்ந்தாள். கன்றின் நிறம் என்ன, அது எழுந்து நின்றதா என்று நான் கேட்கவில்லை. அவளும் பின்னர் எதையும் சொல்ல வரவில்லை. சொல்லைத் திருத்தினேன், பேச்சை நிறுத்திவிட்டேன். முதலில் கன்றைப் பற்றிக் கேட்டிருந்தால், செந்தமிழை அடுத்த நாள் தந்திருக்கலாம்.

ஆசிரியப் பயிற்சி பெறுவோர்க்கு இன்று நான் கூறுவது ஒன்றே. பாடத்தில் பத்து நிமிடமாவது பிள்ளை பேச, ஆசிரியர் கேட்க வேண்டும். ஒருவன் சொன்னதை மற்றொருவன் தன் வாயால் எடுத்துரைக்கட்டும், ஐயம் வினாவட்டும். வீட்டு மொழியில் தொடங்கிப் பள்ளி மொழிக்கு வரட்டும். இதற்குக் கருவியும் வேண்டா, காசும் வேண்டா. வாய்ப்பாட்டைக் கைவிடச் சொல்லவில்லை. அதனோடு வாய்ப்பேச்சும் சேரட்டும். பவணந்தியார் கணக்கில் நாம் கொடுத்து வருவது கால் பங்கே. எஞ்சிய முக்கால் பங்கையும் பிள்ளைகளுக்குக் கொடுப்பது நம் கடன்.