கடவுச்சொல்: கணினி நுழைவாயிலின் அறுபதாண்டு வரலாறு

கணினிக்குள் நுழையக் கடவுச்சொல் கேட்கும் வழக்கம் 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நிலைபெற்றது. அதற்கு முன் ஆய்வாளர்கள் தம் நிரலைத் துளையட்டைகளில் பதித்து இயக்குநரிடம் கொடுத்துவிட்டு, விடைக்காக மணிக்கணக்கில் காத்திருந்தனர். ஒரு நேரத்தில் ஒருவருடைய வேலை மட்டுமே ஓடியதால், வந்திருப்பவர் யார் என்று கணினி கேட்க வேண்டியிருக்கவில்லை. ஃபெர்னாண்டோ கொர்பாட்டோவின் குழு 1961 நவம்பரில் செய்துகாட்டிய சி.டி.எஸ்.எஸ். என்னும் நேரப்பகிர்வு முறை இந்த நிலையை மாற்றியது. பலர் தத்தம் தட்டச்சு முனையங்களில் அமர்ந்து ஒரே கணினியை ஒரே நேரத்தில் பயன்படுத்தினர். ஒவ்வொருவருக்கும் தனிக் கோப்புகள் இருந்தன. இவ்வளவு நேரம்தான் என்ற அளவும் இருந்தது. கோப்பையும் நேரத்தையும் பிறர் எடுத்துக்கொள்ளாமல் காக்கக் கடவுச்சொல் வந்தது.

பூட்டு வந்த சூட்டோடு அதைத் திறக்கும் வழியும் கண்டுபிடிக்கப்பட்டது. வாரத்துக்கு நான்கு மணி நேரம் மட்டுமே பெற்றிருந்த ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்கு அந்த நேரம் போதவில்லை. எந்தக் கோப்பையும் அச்சிட்டுத் தரும்படி துளையட்டை மூலம் கேட்கலாம் என்ற வசதியைப் பயன்படுத்தி, 1962இல் கடவுச்சொல் கோப்பையே அவர் அச்சிட்டு எடுத்துக்கொண்டார். பல ஆண்டுகளுக்குப் பின் அவரே சொன்ன பிறகுதான் இது வெளியே தெரிந்தது. 1966இல் நேர்ந்ததோ யாரும் திட்டமிடாத கோளாறு. நிர்வாகிகளில் ஒருவர் கடவுச்சொல் கோப்பையும், இன்னொருவர் பயனர்களுக்கான அன்றாட அறிவிப்பையும் ஒரே நேரத்தில் திருத்திக்கொண்டிருந்தனர். திருத்தும் நிரல் இருவருக்கும் ஒரே பெயரில் தற்காலிகக் கோப்பை உருவாக்கியதால் இரண்டும் இடம் மாறின. அதன்பின் உள்ளே நுழைந்த ஒவ்வொருவருக்கும் வரவேற்பு அறிவிப்புக்குப் பதிலாக எல்லாருடைய கடவுச்சொற்களும் வரிசையாக அச்சாகின. கொர்பாட்டோ தமது டூரிங் விருது உரையில் இந்நிகழ்ச்சியை எடுத்துக்கூறினார்.

கடவுச்சொற்களை உள்ளபடியே எழுதி வைப்பதுதான் இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் வேர். இதற்கான தீர்வு 1960களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. அங்கே ராஜர் நீதமும் மைக் கையும் டைட்டன் கணினிக்கு ஒருவழிச் சார்பு என்ற முறையைக் கொண்டுவந்தனர். அரைத்த மாவை மீண்டும் அரிசியாக்க முடியாது. அதுபோல, உருமாற்றி வைத்த சரத்திலிருந்து மூலச் சொல்லைத் திரும்பப் பெற முடியாது. பயனர் தட்டிய சொல்லையும் அதே முறையில் உருமாற்றி, இரண்டும் பொருந்துகின்றனவா என்று மட்டும் கணினி பார்க்கும். மறந்துபோன கடவுச்சொல்லை நிர்வாகியால்கூட எடுத்துச் சொல்ல முடியாமல், புதியதொன்றை அமைக்கச் சொல்வதற்குக் காரணம் இதுவே. கோப்பைத் திருடுபவருக்கு ஏற்பட்ட தடை, மறதிக்காரருக்கும் தடையாயிற்று.

பெல் ஆய்வகத்தில் யுனிக்ஸ் இயங்குதளமும் இம்முறையை ஏற்றது. ராபர்ட் மோரிஸும் கென் தாம்சனும் 1979இல் வெளியிட்ட கட்டுரை, பலவீனம் மனிதரிடமும் இருப்பதைக் காட்டியது. அவர்கள் திரட்டிய 3,289 கடவுச்சொற்களில் 15 ஒற்றை எழுத்து, 72 இரண்டெழுத்து, 464 மூன்றெழுத்து. இவற்றோடு பிற குறுகிய சொற்களையும் அகராதிச் சொற்களையும் சேர்த்தால் 86 விழுக்காடு எளிதில் ஊகிக்கத்தக்கவை. ஊகிப்பதைக் கடினமாக்க, ஒவ்வொரு கடவுச்சொல்லோடும் 'உப்பு' எனப்படும் 4,096 மதிப்புகளில் ஒன்றைச் சேர்த்து உருமாற்றினார்கள். ஒரே சொல்லை இருவர் வைத்திருந்தாலும் சேமித்த சரங்கள் பெரும்பாலும் வேறுபட்டிருக்கும். இருந்தும் எளிய சொற்கள் ஒழியவில்லை. 1988 நவம்பரில் இணையத்தில் பரவிய புழு நிரல், 432 சொற்கள் கொண்ட சிறு பட்டியலை வைத்தே பல கணக்குகளைத் திறந்தது. அதை எழுதியவர் ராபர்ட் மோரிஸின் மகன்.

இதன் பின் விதிகள் பெருகின. பெரிய எழுத்து, எண், குறியீடு கட்டாயம். குறித்த நாளுக்கொரு முறை மாற்றம் கட்டாயம். சில முறை தவறினால் கணக்கு முடக்கம். அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனத்துக்காக 2000களின் தொடக்கத்தில் பில் பர் எழுதிய வழிகாட்டி இவ்விதிகளை உலகெங்கும் பரப்பியது. மக்களோ பழைய சொல்லின் கடைசியில் ஓர் எண்ணை மட்டும் கூட்டி மாற்றத்தை முடித்துக்கொண்டார்கள். 2017இல் அதே நிறுவனம் வழிகாட்டியைத் திருத்தி, காலக்கெடு வைத்து மாற்றச் சொல்வதைக் கைவிட்டது. நீளமான சொற்றொடரே மேல் என்றது. தம் பரிந்துரைகளில் பலவற்றுக்காக வருந்துவதாக பர் அப்போது கூறினார்.

வலைத்தளங்கள் வந்தபோது சிக்கல் வேறு வடிவம் எடுத்தது. வலையின் அடிப்படை நெறிமுறைக்கு நினைவு கிடையாது. ஒரு பக்கத்தைக் கேட்டவரும் அடுத்த பக்கத்தைக் கேட்பவரும் ஒருவரே என்று அதற்குத் தெரியாது. 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மொன்டுல்லி 'குக்கி' என்னும் சிறு அடையாளச் சீட்டை உருவாக்கி இக்குறையைப் போக்கினார். உலாவியில் தங்கும் அந்தச் சீட்டு காலாவதியானாலோ தடுக்கப்பட்டாலோ, சரியான கடவுச்சொல் கொடுத்தவரும் மீண்டும் நுழைவுப் பக்கத்திலேயே வந்து நிற்பார்.

கடவுச்சொல்லை மறந்தவருக்கு மின்னஞ்சலில் இணைப்பு அனுப்பும் முறை பரவியபின், மின்னஞ்சல் பெட்டியே எல்லாக் கணக்குகளுக்குமான கொத்துச்சாவியாயிற்று. அந்தப் பெட்டியை மீட்கப் பிறந்தநாள், ஊர் போன்ற இரகசியக் கேள்விகள் வைக்கப்பட்டன. 2008இல் அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளர் சாரா பேலினின் மின்னஞ்சல் கணக்குக்குள் ஒரு மாணவர் இவ்வழியில் புகுந்தார். விடைகள் அனைத்தும் பொதுவெளியிலேயே கிடைத்தன.

தெரிந்த ஒன்றோடு கையிலிருக்கும் ஒன்றையும் கேட்பது அடுத்த படி. இந்திய ரிசர்வ் வங்கி 2009இல் இணையவழி அட்டைப் பரிவர்த்தனைக்குக் கூடுதல் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியது. நாளடைவில், குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறை எண்ணான ஓ.டி.பி. என்பது அன்றாடச் சொல்லாயிற்று. கைப்பேசிச் செயலியே எண்ணை உருவாக்கும் முறைக்கு 2011இல் பொதுத்தரம் வந்தது. அந்த எண் பொதுவாக 30 நொடிக்கு ஒருமுறை மாறும். கைப்பேசிக் கடிகாரம் மிகவும் பிந்தியோ முந்தியோ ஓடினால் செயலி காட்டும் எண் செல்லாது. குறுஞ்செய்தி முறையிலோ அலைவரிசை இல்லாத இடத்தில் எண்ணே வராது.

கடவுச்சொல்லையே நீக்கும் முயற்சிக்கு 2019 மார்ச்சில் வலைத் தரங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பு ஒப்புதல் அளித்தது. ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் ஆகிய மூன்றும் 2022 மே மாதம் இம்முறையைத் தம் கருவிகளில் விரிவாக்குவதாக அறிவித்தன. கடவுச்சாவி எனப்படும் இதில் இரகசியம் பயனரின் பக்கமே இருக்கும். தளத்திடம் அதைச் சரிபார்க்கும் பொதுச்சாவி மட்டுமே இருக்கும். எனவே ஷெர் அச்சிட்டு எடுத்ததைப் போன்ற கோப்பு எங்கும் இருப்பதில்லை. விரல்ரேகையோ முகமோ காட்டினால் போதும். நினைவில் வைக்க எதுவும் இல்லை. ஆனால் எல்லாக் கருவிகளும் தொலைந்தால் உரியவர் இவர்தான் என்று எதைக்கொண்டு நிறுவுவது என்ற கேள்வி இதிலும் எஞ்சுகிறது. அதற்காகப் பெரும்பாலான தளங்கள் மின்னஞ்சலையும் பழைய கடவுச்சொல்லையும் மாற்று வழியாக இன்னும் வைத்திருக்கின்றன.