வரவேற்கும் விதை, வந்து சேர்ந்த விதை

குடியேறி வருவோரை வரவேற்கும் கலையாக அமெரிக்காவில் சிலர் விதைக்காகிதம், அதாவது மண்ணில் ஊன்றினால் முளைக்கும் விதை கலந்த தாள், செய்கிறார்கள். பிரேசிலில் பிறந்த மரியா தெரெசா ஆல்வெஸ் 1999 முதல் செய்துவரும் ‘மாற்றத்தின் விதைகள்’ என்ற கலைப்பணியும் விதையைக் கொண்டே குடிபெயர்வைப் பேசுகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது, ‘இந்த விதை எங்கிருந்து வந்தது?’ என்று காகிதக்காரர்கள் கேட்க வேண்டிய கேள்வியை ஆல்வெஸ் எழுப்பிவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

விதைக்காகிதத்துக்குப் பழைய தாள்களே போதும். கிழித்து ஊறவைத்து மிக்சியில் கூழாக அடிக்கிறார்கள். அப்போதே விதையைப் போட்டால் பிளேடு நறுக்கிவிடும். அடித்து முடித்த பிறகுதான் கையால் கலக்க வேண்டும். வலை கட்டிய மரச்சட்டத்தைக் கூழ்த்தொட்டியில் முக்கி எடுத்து லேசாக ஆட்டினால், நார்கள் ஒன்றோடொன்று பின்னிப் படலமாகும். அதைத் துணிமேல் கவிழ்த்து, நீரை ஒற்றியெடுத்து, காற்றில் உலர்த்துகிறார்கள். இஸ்திரி போட்டால் சூட்டில் முளைப்புத்திறன் கெடும். உலர்வதற்கு நாளானால் தாளிலேயே முளைவிடும், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். ஈரம் பட்ட விதையை உறக்கம் கலையாமல் காப்பாற்றுவதில்தான் கைத்திறன் இருக்கிறது. ஊர்க்காரரும் புதிதாக வந்தவரும் ஒரே தொட்டியில் கைவிட்டு, பேசப் பொதுமொழி இல்லாமலேயே சேர்ந்து செய்யலாம். இந்தக் கலையின் பெரிய பலம் இது.

ஆல்வெஸ் ஏற்கெனவே வந்து கிடந்த விதைகளைத் தேடிப் போனார். பாய்மரக் கப்பல்களில் சரக்கு குறைந்தால், கவிழாமலிருக்க மண்ணையும் கல்லையும் அடிப்பாரமாக ஏற்றுவார்கள். போய்ச் சேர்ந்த துறைமுகத்தில் அதைக் கொட்டிவிட்டுச் சரக்கேற்றுவார்கள். அந்த மண்ணோடு வந்த விதைகளில் சில நெடுங்காலம் உறங்கிக் கிடந்து, நிலத்தைக் கிளறும்போது முளைக்கின்றன. மார்செய், லிவர்பூல், பின்லாந்தின் ரெப்போசாரி ஆகிய இடங்களில் அவற்றைத் தேடினார். 2012இல் பிரிஸ்டல் துறைமுகத்தில், பயன்படாமல் கிடந்த தானியப் படகு ஒன்று அத்தகைய செடிகளின் மிதக்கும் தோட்டமானது. பழுத்ததும் விதையைப் பீய்ச்சியடிக்கும் காட்டு வெள்ளரியும் அவற்றில் உண்டு. பிரிஸ்டல் அடிமை வணிகத்தில் கொழுத்த ஊர். அங்கே ஒரு களைச்செடியைப் பார்ப்பதென்றால், அது வந்த கப்பலையும் நினைக்க வேண்டியிருக்கிறது. 2017இல் நியூயார்க்கில் வைத்த காட்சிக்குக் ‘குடியேற்ற ஆதிக்கத்தின் தாவரவியல்’ என்றே துணைப்பெயர் வைத்தார்.

விதைக்காகிதத்தில் இந்த வரலாற்றுக்கு இடமே இல்லை. அதில் வரவேற்பவர் நிலத்துக்காரர், விதையும் அவர் தேர்ந்தது. பெரும்பாலும் ‘நம் மண்ணின் காட்டுப்பூ’ என்ற பெயரில் விற்கும் கலவைதான். அத்தகைய பல பொட்டலங்களில் ஐரோப்பாவிலிருந்து வந்த நீலநிறக் கார்ன்ஃபிளவர் பூவின் விதையும் இருக்கும். அது குடியேறியது என்று யாரும் நினைப்பதில்லை. ஆனால் இன்று குடியேறுபவர் தன் ஊர் விதையை முடிந்துகொண்டு வந்தால், தாவர நலச் சான்றிதழோ உரிய அனுமதியோ இல்லாமல் அதை அமெரிக்க எல்லைக்குள் கொண்டுவர முடியாது. அந்தச் சட்டம் நியாயமானது. கட்டற்றுப் பரவும் அயல்செடி உள்ளூர்ச் செடிகளை அழித்ததுண்டு. என் குறை சட்டத்தின் மேல் இல்லை. வந்தவரின் நிலம் தாளில் ஓர் ஓரத்தில்கூட இல்லாத வரவேற்பு பாதி வரவேற்புதான்.

ஆல்வெஸின் பணிக்கும் ஒரு விலை உண்டு. விதை அறிவும் ஆவணத் தேடலும் தேவைப்படுவதால் அது நிபுணர் கையிலேயே பெரிதும் நிற்கிறது. வந்து பார்ப்பவர் படிக்கிறார், வியக்கிறார், போகிறார். நேற்று வந்திறங்கிய பெண்ணுக்கு அந்தப் படகில் செய்ய வேலை அதிகமில்லை. காகிதத் தொட்டியிலோ அவளுக்கு முதல் நிமிடமே வேலை இருக்கிறது.

ஆகவே தொட்டியை விடாமல், அதில் போடும் விதையை மாற்றலாம். தண்டுக்கீரை, துளசி, கடுகு எல்லாம் அமெரிக்க விதைக்கடைகளிலேயே கிடைக்கின்றன, தாளில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குச் சிறியவை. எதைப் போடுவது என்று வந்தவரையே கேட்கலாம். அந்தத் தாளைக் காட்டோரத்தில் வீசாமல் வீட்டுப் பூந்தொட்டியில் ஊன்றினால், அறுத்துச் சமைக்கவும் செய்யலாம்.