கிந்தா ஆறு கலங்கிய கதை



வரலாற்றுத் தாள் திருத்தியவர்களுக்கு இந்தப் பதில் மனப்பாடமாக இருக்கும்: "பேராக்கில் ஈயத் தொழில் வளர்ந்தது. பிறகு இரப்பர் வந்தது. இரயில் பாதை போடப்பட்டது. ஈப்போ நகரமானது." எல்லாம் சரி, புள்ளியும் கிடைக்கும். ஆனால் அந்தப் பதிலில் ஒரு சாட்சி விடுபட்டுப் போகிறது. கோர்பு மலையில் பிறந்து, ஈப்போவை நடுவே பிளந்துகொண்டு, பத்து காஜா பக்கமாக ஓடிப் பேராக் ஆற்றில் சேரும் கிந்தா ஆறுதான் அது.

முதலில் ஈப்போ ஏன் அந்த இடத்தில் எழுந்தது என்று கேளுங்கள். ஆற்றில் படகு ஏறிவரக்கூடிய கடைசி இடங்களில் அது ஒன்று. இரயில் வருமுன் அரிசியும் ஆளும் மேலே வந்ததும், ஈயம் கீழே போனதும் ஆற்றுவழிதான். 1890களில் இரயில் வந்த பிறகு ஆற்றுக்கு அந்த வேலை போயிற்று. வேறொரு வேலை கொடுத்தார்கள்: கழிவு சுமக்கும் வேலை.

ஈயம் எடுக்கும் முறையை மாணவர்களுக்குக் கொஞ்சம் நிதானமாக விளக்குங்கள். நம் பெரியவர்கள் 'ஈயலம்பம்' என்பார்களே, அங்கே நடந்தது என்ன? உயரத்திலிருந்து குழாய்வழி வந்த தண்ணீரைப் பீய்ச்சி அடித்து மண்மேட்டைக் கரைப்பார்கள். அந்தச் சேற்றைப் பம்பு வைத்து மேலே ஏற்றி, 'பாலோங்' என்ற நீண்ட மரச்சாய்வில் ஓட விடுவார்கள். ஈயமணல் கனமானது, அடியில் தங்கிவிடும். மற்றதெல்லாம் தண்ணீரோடு போய்விடும். ஒரு வண்டி மண்ணைக் கழுவினால் தேறுவது ஒரு சிறங்கை ஈயமணல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்ச வண்டி மண் எங்கே போகும்? பள்ளத்தில் கொஞ்சம், ஆற்றில் மீதி. 1913இல் பத்து காஜா பகுதியில் வாளிச் சங்கிலி பூட்டிய ஈயக்கப்பலும் வந்துவிட்டது. அந்த வகைக் கப்பல் ஒன்று, 1938இல் கட்டப்பட்டது, இன்றும் தஞ்சோங் துவாலாங் சாலையில் நிற்கிறது. பள்ளிச் சுற்றுலா போகிறவர்கள் அதன்முன் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம்.

மண் சேரச் சேர ஆற்றின் படுகை மேலே எழும்பும். படுகை எழும்பினால் ஆறு தண்ணீரைக் கொள்ளாது, மழைக்குக் கரை தாண்டும். 1926 டிசம்பர் கடைசியில் தீபகற்பத்தையே அடித்த பெருவெள்ளத்தில் பேராக்கும் தப்பவில்லை. வெள்ளத்துக்கு மழைதான் காரணம் என்று எழுதும் மாணவரிடம், "படுகையில் ஏற்கெனவே என்ன கிடந்தது?" என்று ஒரு கேள்வி போடுங்கள். பக்கத்துச் சிலாங்கூரில் பழைய கோல குபு நகரம் ஈயக் கழிவுமண்ணிலும் வெள்ளத்திலும் புதைந்து, வேறிடத்தில் கோல குபு பாரு என்று புதிதாகவே கட்ட வேண்டியதாயிற்று. ஒரு ஊரையே இடம் மாற்றியது மண்!

இனி நம் பக்கம். 1877இல் சிங்கப்பூர் வழியாக வந்த இரப்பர் கன்றுகள் கோலகங்சாரில் நடப்பட்டன, ஒரு மரம் இன்னும் இருக்கிறது. அது பாடநூலில் உண்டு. காட்டை அழித்தபோது ஓடைக்கு என்ன ஆனது என்பது அவ்வளவாக இல்லை. மலைச்சரிவில் நிழலில் ஓடிய ஓடைக்குத் திடீரென்று வெயில் கிடைத்தது. தெளிந்த, வெயில் படும் ஓடைநீரைத் தேடி முட்டையிடும் ஒரு வகை அனாபிலிஸ் கொசு உண்டு. லயத்துக்குப் பக்கத்திலேயே அது பெருகியது. 1901இல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்தை வடித்து மலேரியாவைக் குறைத்தார். மலைத் தோட்டங்களிலோ காட்டைத் திறந்துவிட்டால் காய்ச்சல் கூடுகிறது என்று கண்டார். ஓடையை மண்ணுக்கடியில் குழாய்வழி விட்டார்கள், தண்ணீர்மேல் எண்ணெய் தெளித்தார்கள். அதற்குள் எத்தனை தமிழ்த் தொழிலாளர்கள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார்கள் என்பதைத் தோட்டத்துச் சுடுகாடுகளிடம்தான் கேட்க வேண்டும்.

அந்தக் காலத் துரைமார்களுக்குப் புல் ஆகாது. மரத்தடி சுத்தமாகத் தெரிய வேண்டும். வெறும் மண் மழையில் கரைந்து ஓடைக்குப் போனது. லாலாங் புல்லை ஒழிக்க ஆர்செனிக் கலந்த மருந்து அடித்தார்கள். அது மாட்டையும் கொன்றது, மனம் உடைந்த மனிதர்களையும் கொன்றது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எங்கள் ஊர்த் தோட்டத்து ஸ்டோருக்குப் பின்னால் ஒரு ஓடை. பாலில் அமிலம் ஊற்றி உறையவைத்த பிறகு மிஞ்சும் வெண்ணீர் அதில்தான் போகும். நாற்றம் குடலைப் புடுங்கும். அம்மா ஸ்டோருக்கு மேல்பக்கம் போய்த்தான் துணி துவைப்பார், ஏன் என்று நான் கேட்டதே இல்லை. விளக்கம் பிற்பாடு அறிவியல் பாடத்தில் கிடைத்தது: அந்த நீரில் புரதமும் சர்க்கரையும் இருக்கின்றன, அவற்றைத் தின்னும் நுண்ணுயிர்கள் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனைக் காலி செய்கின்றன, மீன் மூச்சுமுட்டிச் சாகிறது. செம்பனை ஆலைக்கழிவு இதைவிட மோசம். சுத்திகரிக்காத நிலையில் அதன் உயிரியல் ஆக்சிஜன் தேவை லிட்டருக்குச் சுமார் 25,000 மில்லிகிராம். 1974இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. 1977இல் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கும், 1978இல் இரப்பர் ஆலைகளுக்கும் விதிகள் வந்தன. செம்பனை ஆலைகளுக்கான வரம்பு 1978இல் 5,000 என்று தொடங்கி, படிப்படியாக 1984இல் 100க்கு இறங்கியது. சட்டம் என்ன செய்யும் என்று அலட்சியமாகப் பேசுகிறவர்களுக்கு இந்த எண்களைக் காட்டலாம். என் கணிப்பில், படிவம் 5 மாணவருக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

சட்டம் எட்டாத இழப்பும் உண்டு. பேராக் ஆற்றின் 'துந்தோங்' ஆமை மணல்திட்டில் ஏறி முட்டையிடும், கரையோரக் கனிகளையும் இலைகளையும் தின்னும். மணலை அள்ளினால் முட்டையிட இடமில்லை. நீர்மட்டம் திடீரென்று உயர்ந்தால் இட்ட முட்டையும் போச்சு. முட்டையை எடுத்துத் தின்ற மனிதர்கள் வேறு. 1960களின் கடைசியிலேயே போத்தா கானானில் முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்கவைக்கும் வேலை தொடங்கிவிட்டது. இன்றும் அது அழிவின் விளிம்பில் நிற்கும் இனம்தான்.

1985இல் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தது. லம்பங்கள் மூடின. மண் தோண்டிய பள்ளங்கள் குளங்களாகி, பத்து காஜா பக்கத்தில் நாரையும் கொக்கும் கூடு கட்டுகின்றன. இயற்கை மன்னித்துவிட்டது என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பறவைக்குக் கிடைத்த இடத்தில் தங்குகிறது, அவ்வளவுதான்.

வகுப்பில் ஒன்று செய்து பாருங்கள். நல்ல மழை பெய்த மறுநாள், பெரியவர் ஒருவர் துணையோடு, பாலத்திலிருந்து வாளி இறக்கி ஒரு கண்ணாடிப் போத்தலில் ஆற்றுநீர் எடுங்கள். ஈப்போ மாணவர்களுக்குக் கிந்தா, புந்தோங் பிள்ளைகளுக்குப் பாரி ஆறு. மழையில்லாத வாரத்தில் இன்னொரு போத்தல். இரண்டையும் ஓர் இரவு ஆடாமல் வைத்து, அடியில் படிந்த மண்ணை ஸ்கேல் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளை வீட்டுக்கு எடுத்துப் போய், தோட்டத்தில் வாழ்ந்த பாட்டியிடமோ தாத்தாவிடமோ காட்டி, "நீங்க இருந்தப்போ ஓடைத்தண்ணி எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டு, அவர்கள் சொல்வதை அளவுக்குக் கீழேயே எழுதிவரச் சொல்லுங்கள்.