நீலகிரியில் இரு கல்லூரிகள்

மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறும் சிறிய இரயில் குன்னூரைக் கடந்ததும் வெலிங்டன் நிலையத்தில் நிற்கிறது. பின்னர் அருவங்காடு, கேத்தி, லவ்டேல் ஆகிய ஊர்களைத் தாண்டி உதகமண்டலத்தில் தன் பயணத்தை முடித்துக்கொள்கிறது. இந்தக் குறுகிய வழியின் தொடக்கத்தில் ஒரு கல்லூரியும் முடிவில் ஒரு கல்லூரியும் இருக்கின்றன. முன்னது படைத்துறை அதிகாரிகள் பயிலும் கல்லூரி. பின்னது நம் பிள்ளைகள் பயிலும் அரசு கலைக் கல்லூரி. இவ்விரண்டின் வரலாற்றையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, உயர்கல்வி பற்றி நம் சமுதாயம் சிந்திக்க வேண்டிய ஓர் உண்மை தெளிவாகிறது. அதனை வாசகர்களின் கவனத்திற்குக் கொண்டுவருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வெலிங்டன் கல்லூரியின் வேர் இந்த மலையில் இல்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் 1905ஆம் ஆண்டு தேவலாலியில் தோன்றி, 1907இல் குவெட்டாவுக்கு மாறிய பழைய ஸ்டாஃப் காலேஜிலிருந்து கிளைத்தது அது. 1947இல் நாடு பிரிந்தபோது குவெட்டா பாகிஸ்தானுக்கு உரியதாயிற்று. இந்தியப் பகுதியினர் நீலகிரிக்கு வந்து சேர்ந்தனர். 1948இல் வெலிங்டனில் வகுப்புகள் தொடங்கின. சில ஆண்டுகளுக்குள் தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகிய மூன்றுக்கும் பொதுவான கல்லூரியாக அது வளர்ந்தது.

இங்கே பயில வருகிறவர்கள் பள்ளிப் படிப்பை முடித்த இளைஞர்கள் அல்லர். ஏறத்தாழப் பத்தாண்டுகள் படையில் பணியாற்றி, பல வீரர்களுக்குக் கட்டளையிட்டுப் பழகிய அதிகாரிகள். அத்தகையோர் ஏறக்குறையப் பத்து மாதங்கள் மீண்டும் மாணவராகி அமர்கின்றனர். சிறுசிறு குழுக்களாகப் பிரிந்து, ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு, எதிரெதிர்க் கருத்துகளை மோதவிட்டு முடிவுக்கு வருவதே அங்குள்ள கற்கும் முறை. வழிநடத்தும் ஆசிரியர்களும் பணியிலுள்ள அதிகாரிகளே. சில காலம் கற்பித்துவிட்டுத் தம் படைப்பிரிவுக்கே அவர்கள் திரும்பிச் செல்வர். களத்திலிருந்து வகுப்புக்கும், வகுப்பிலிருந்து களத்திற்கும் அறிவு ஓடிக்கொண்டே இருக்கிறது. பத்தாண்டு அனுபவமே போதும் என்று படைத்துறை எண்ணவில்லை என்பதை நாம் ஈண்டு நெஞ்சில் நிறுத்த வேண்டும்.

இனி இரயில் முடியும் இடத்திற்கு வருவோம். கோயம்புத்தூர்க் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820களில் உதகையில் கட்டிய முதல் பங்களாவை மலைமக்கள் ‘கல் பங்களா’ என்றழைத்தனர். அந்த வளாகத்தில்தான் 1955இல் தொடங்கப்பெற்ற அரசு கலைக் கல்லூரி இயங்குகிறது. மலையை ஆள வந்தவரின் மாளிகையில் மலைமக்களின் பிள்ளைகள் பட்டம் பெறுகின்றனர் என்பது மகிழ்ச்சிக்குரிய மாற்றமே. ஆயினும் ஒரு வினா எழுகிறது. அங்கும், அதுபோன்ற நம் நாட்டுக் கல்லூரிகள் பலவற்றிலும், கற்பிக்க வந்தவர்களை ஆயத்தப்படுத்தியது யார்?

தொடக்கப் பள்ளி ஆசிரியருக்குப் பயிற்சி உண்டு; உயர்நிலைப் பள்ளி ஆசிரியருக்கும் பயிற்சிப் பட்டம் உண்டு. கல்லூரி ஆசிரியருக்கு மட்டும் நெடுங்காலம் எதுவும் இல்லை. சித்திரையில் முதுகலைத் தேர்வு எழுதிய இளைஞர் ஆனியில் விரிவுரையாளராகி மேடையேறினார். பாடம் அறிந்தவருக்குப் பாடம் சொல்லவும் தெரியும் என்று கருதப்பட்டது.

இந்த எண்ணத்திற்கு ஒரு காரணம் உண்டு. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு நிறுவப்பட்டபோது, கற்பிப்பது அதன் வேலையாக இருக்கவில்லை. தேர்வு நடத்திப் பட்டம் அளிப்பதே அதன் வேலை. பாடத்திட்டத்தை ஒருவர் வகுப்பார். வினாத்தாளை மற்றொருவர் எழுதுவார். விடைத்தாளை வேறொருவர் திருத்துவார். இணைவுக் கல்லூரியின் ஆசிரியருக்கு எஞ்சியது ஒன்றே: குறித்த பகுதியைக் குறித்த நாளுக்குள் முடிப்பது. புதிதாக எதையும் செய்ய அவருக்கு உரிமையும் இல்லை, தேவையும் இல்லை. தேவையில்லாத இடத்தில் பயிற்சி எவ்வாறு தோன்றும்?

இந்தக் குறையை 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு வெளிப்படையாகப் பேசிற்று. புதிதாகச் சேரும் கல்லூரி ஆசிரியர்களுக்குத் தொடக்கப் பயிற்சி வேண்டும் என்றும், பெரிய பல்கலைக்கழகங்களில் அதற்கென ஸ்டாஃப் காலேஜ் நிலையாக அமைய வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது. அந்தப் பெயரை வாசகர்கள் கவனிக்க வேண்டும். வெலிங்டனில் படையதிகாரிகளுக்கு வழங்கிய அதே பெயர், பேராசிரியர்களுக்கும் வேண்டும் என்று கேட்கப்பட்டது. சிறந்த கல்லூரிகளுக்குத் தன்னாட்சி தர வேண்டும் என்பதும் அக்குழுவின் மற்றொரு பரிந்துரையாகும்.

இவ்விரண்டில் தன்னாட்சியே நம் மாநிலத்திற்கு முதலில் வந்தது. வேலூரில் பிறந்து, யுனெஸ்கோவில் துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்த மால்கம் ஆதிசேஷையா 1975 முதல் 1978 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். கல்லூரிகள் தம் பாடங்களைத் தாமே வகுக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக நின்றார். 1978இல் சென்னையில் லயோலா, கிறிஸ்தவக் கல்லூரி, விவேகானந்தா, கோவையில் பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரி, மதுரைப் பல்கலைக்கழக எல்லையில் அமெரிக்கன் கல்லூரி, லேடி டோக் முதலியன தன்னாட்சி பெற்றன. நாடு முழுவதற்கும் அது முன்மாதிரியாயிற்று.

தன்னாட்சி என்பது இனிய சொல். ஆனால் அதன் சுமை ஆசிரியரின் தோளில் இறங்குகிறது. நேற்றுவரை பிறர் வகுத்த பாடத்தை நடத்தியவர், இன்று பாடத்திட்டத்தைத் தாமே எழுத வேண்டும். வினாவைத் தாமே அமைக்க வேண்டும். தம் மாணவனைத் தாமே மதிப்பிட்டு, அந்த மதிப்பீடு நேர்மையானது என்று உலகை நம்பவும் வைக்க வேண்டும். இவற்றில் எதையும் அவர் எங்கும் கற்றதில்லை. பயிற்சி பெறாத கையில் தரப்பட்ட சுதந்திரம் பழைய பாடத்திட்டத்தின் மேலட்டையை மட்டும் மாற்றும் அபாயம் உண்டு. உயர்கல்வியில் புதுமை என்பது சட்டத்தால் வருவதன்று. ஆசிரியர் வழியாகவே வர வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

மற்றொரு பரிந்துரை நிறைவேற இருபது ஆண்டுகள் ஆயின. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பின்னரே பல்கலைக்கழக மானியக் குழு நாடெங்கும் அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ்களைத் திறக்கத் தொடங்கிற்று. புதியவர்களுக்கு நான்கு வார அறிமுகப் பயிற்சி. பணியில் இருப்போருக்கு மூன்று வாரப் புத்தாக்கப் பயிற்சி. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்திலும் அவை அமைந்தன. 2015இல் இந்நிலையங்கள் மனிதவள மேம்பாட்டு மையங்கள் என்றும், 2023இல் மாளவியா பெயரிலான ஆசிரியர் பயிற்சி மையங்கள் என்றும் பெயர் மாறின.

பெயர் மாறியது; நோக்கம் நிறைவேறியதா? நன்மை விளைந்ததை மறுப்பது நன்றியின்மையாகும். தம் துறைக்கு வெளியே எதையும் அறியாதிருந்த ஆசிரியர்கள் பிற துறையாருடன் ஒரே அறையில் அமர்ந்து பேசினர். ஆனால் பயிற்சிச் சான்றிதழ் பதவி உயர்வோடு பிணைக்கப்பட்டதும், பலருக்குச் சான்றிதழே குறிக்கோளாகிவிட்டது. வெலிங்டனில் பத்து மாதம்; இங்கே சில வாரம். அங்கே கற்றவன் மறுநாள் அதனைப் பயன்படுத்தியாக வேண்டும். இங்கே கற்றதை அலமாரியில் வைத்துவிட்டுப் பழைய குறிப்பேட்டைத் திறந்தாலும் கேட்பாரில்லை. வேறுபாடு இங்கேதான் இருக்கிறது.

இந்தக் கருத்து முஸ்லிம்களுக்குப் புதிதன்று. ஹிஜ்ரி 459இல், அதாவது 1067இல், நிஜாமுல் முல்க் பக்தாதில் திறந்த நிஜாமிய்யா மத்ரஸா போன்ற கலாசாலைகளில் முதர்ரிஸ் எனும் ஆசிரியருக்குத் துணையாக ‘முயீத்’ என்பவர் இருந்தார். ஆசிரியர் பாடம் சொல்லி முடித்ததும் அதனைத் திரும்பச் சொல்வதும், விளங்காத மாணவனுக்கு விளக்குவதும் அவர் பணி. மாணவனுக்கு அது உதவி; முயீதுக்கோ அதுவே ஆசிரியப் பயிற்சி. பெரியவரின் கண்முன் கற்பித்து, தவறினால் திருத்தப்பட்டு, பின்னரே பலர் ஆசிரிய பீடத்திற்கு உயர்ந்தனர். இன்றும் நம் அரபு மத்ரஸாக்களில் மூத்த மாணவன் இளையோரை வட்டமாக அமர்த்திச் செய்யும் ‘தக்ரார்’ அந்த மரபின் நிழலே.

நம் மத்ரஸாக்களில் வழங்கும் ‘தர்ஸே நிஜாமி’ இந்த நிஜாமுல் முல்க்கின் பெயரால் வந்ததென எண்ணுவோர் உளர். அது 18ஆம் நூற்றாண்டில் லக்னோவின் ஃபிரங்கி மஹலில் வாழ்ந்த முல்லா நிஜாமுத்தீனின் பெயரால் வந்தது. தர்க்கத்திற்கும் பகுத்தறிவுக் கலைகளுக்கும் பெரிய இடம் தந்த அப்பாடத்திட்டம் அன்று ஒரு புதுமை. அது இந்தியாவெங்கும் பரவியது ஏட்டினால் அன்று. அவரிடமும் அவர் குடும்பத்தாரிடமும் பயின்று சென்ற ஆசிரியர்களால். வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தின் புகழும் கட்டடத்தால் வந்ததன்று. அங்கிருந்து ஊர்தோறும் சென்று பாடம் சொன்ன உஸ்தாதுகளால் வந்தது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 1091இல் நிஜாமிய்யாவின் தலைமை ஆசிரியரானார்கள். நூற்றுக்கணக்கானோர் சூழ்ந்திருக்க, நான்கே ஆண்டுகளில் அப்பீடத்தைத் துறந்து தேடலில் இறங்கினார்கள். தம் அறிவின்மேல் தமக்கே எழுந்த ஐயத்தை அவர்கள் மறைக்கவில்லை. பத்தாண்டுகளுக்கு மேல் கடந்து 1106இல் நைசாப்பூரில் மீண்டும் கற்பிக்க வந்தபோது அவர்கள் பழைய ஆசிரியராக வரவில்லை. 1333இல் மறைந்த இப்னு ஜமாஆ (ரஹ்) அவர்கள், ஆசிரியர் மாணவர் ஒழுக்கம் பற்றிய தம் நூலில், வயதிலும் பதவியிலும் குறைந்தவரிடம் கற்க ஆசிரியர் வெட்கப்படலாகாது என வற்புறுத்துகிறார்கள். வெள்ளிதோறும் நம் இல்லங்களில் ஓதப்படும் கஹ்ஃபு அத்தியாயத்தில், வேதம் அருளப்பெற்ற மூசா நபி (அலை) அவர்களே கற்பதற்காகக் கடலோரம் நடந்து சென்ற வரலாறு இல்லையா?

நம் சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்வது பொருந்தும். ஸனது பெற்ற புதிதில் நாம் அரபு இலக்கணம் கற்பித்தோம். ஒரு மாணவன் ஒரே ஐயத்தை மூன்றாம் முறை கேட்டபோது கடிந்து உட்கார வைத்தோம். வாயிலில் நின்று இதைக் கண்ட முதிய ஹஸ்ரத் ஒருவர் அப்போது எதுவும் சொல்லவில்லை. மறுநாள் முதல் தம் வகுப்பின் கடைசி வரிசையில் வந்தமரும்படி நம்மைப் பணித்தார். ஒரு மாதம் அமர்ந்தோம். பதினாறு வயதுப் பிள்ளைகளின் பின்னே அமர வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த ஐயத்திற்குரிய விடை நம்மிடமே தெளிவாக இல்லை என்பது அங்கேதான் விளங்கிற்று. ஏழாண்டு ஓதியதில் பெறாத ஒன்றை அந்த ஒரு மாதத்தில் பெற்றோம்.

தமிழக முஸ்லிம்கள் கல்லூரி கட்டுவதில் பின்தங்கியவர்கள் அல்லர். 1919இல் வாணியம்பாடி இஸ்லாமியா, 1951இல் திருச்சி ஜமால் முகமது கல்லூரியும் சென்னை நியூ காலேஜும், 1955இல் அதிராம்பட்டினம் காதிர் முகைதீன், 1956இல் உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் கல்லூரி, 1971இல் பாளையங்கோட்டை சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி என அந்தப் பட்டியல் நீளும். தோல் வணிகரும் கடல் கடந்து பொருளீட்டியவரும் வாரி வழங்கினர். ஆனால் கட்டடத்திற்கு நிதி தருவோர் பலர். ஆசிரியரை உருவாக்க நிதி தருவோர் அரியர். சுவரில் பெயர்க்கல் பதிக்கலாம். ஆசிரியரின் உள்ளத்தில் பதிக்க முடியாதே என்று நினைக்கிறோம் போலும்! முன்னோரின் வக்ஃபு, மத்ரஸாவின் தூண்களுக்கு மட்டுமன்றி, முதர்ரிஸுக்கும் முயீதுக்கும் ஊதியம் தந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

எனவே நம் கல்லூரிகளும் மத்ரஸாக்களும் செய்யத்தக்கவை சில உண்டு. புதிய ஆசிரியரை முதலாண்டில் ஒரு மூத்தவரின் வகுப்பில் அமரச் செய்யலாம். மூத்தவரும் புதியவரின் வகுப்பில் அமரலாம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை, ஊதியத்தோடு ஒரு பருவம் விடுப்பளித்து வேறிடத்தில் பயிலச் செய்யலாம். அதற்கென ஒரு வக்ஃபு ஏற்படுத்தலாம். எல்லாவற்றிற்கும் மேலாக, “எனக்குத் தெரியவில்லை, கற்றுச் சொல்கிறேன்” என்று கூறும் ஆசிரியரை இகழாமல் மதிக்கலாம்.

நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் தாயின் மகள், தன் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறுகிறாள். அவள் பிழையாகக் கேட்கும் முதல் வினாவைத் திருத்திக் கொடுக்க வீட்டில் ஒருவருமில்லை. அவளுக்குக் கல்லூரி என்பது அந்த ஆசிரியர் ஒருவர்தான். அவர் கற்பதை நிறுத்தியவராக இருந்தால் அவள் வழி அங்கேயே அடைபடும்.

மலையின் ஒரு முனையில் நாட்டைக் காப்பவர்கள் மீண்டும் மாணவராகின்றனர். மறுமுனையில் நாட்டை ஆக்குபவர்களும் அவ்வாறே ஆக வேண்டும். அறிவைப் பெருக்கித் தருமாறு இறைஞ்சும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கே கட்டளை வந்தது என்றால், நம் ஆசிரியப் பெருமக்களுக்கு அந்த துஆ எத்துணை அவசியம்! வல்ல அல்லாஹ் அதனை நம் நாவிலும் நம் செயலிலும் நிலைக்கச் செய்வானாக! ஆமீன்.