நானூறு பெயர்களும் ஒரு கையொப்பமும்

தஞ்சைப் பெரிய கோயில் திருச்சுற்றின் வெளிச்சுவரில் நீளமான கல்வெட்டு ஒன்று இருக்கிறது. முதலாம் ராஜராஜனின் 29ஆம் ஆட்சியாண்டை, அதாவது 1014ஐ ஒட்டியது. சோழமண்டலத்தின் பல கோயில்களிலிருந்து தஞ்சைக்குக் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியல் அது. தெரு எது, தெருவின் எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர், அந்த ஊரில் எந்தக் கோயில், பெயர் என்ன, பங்கு எவ்வளவு என்று வீடு வீடாகச் சொல்லிச் செல்கிறது. திருவையாற்றிலிருந்து சேரமங்கை, பட்டாலி, எடுத்தபாதம், சோழகுலசுந்தரி. இன்னும் திருவாரூர், பழையாறை, நாகப்பட்டினம், திருமறைக்காடு என்று காவிரிப்படுகையின் ஊர்களெல்லாம் அந்தச் சுவரில் வந்து நிற்கின்றன. ஒவ்வொருத்திக்கும் ஒரு வீடு, ஒரு பங்கு. ஒரு பங்கென்பது ஆண்டுக்கு 100 கலம் நெல்.

முதுகலை மாணவிகளுக்கு இந்தக் கல்வெட்டை நடத்தும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் வருகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இத்தனை பெண்களின் பெயரைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள் என்றால், அன்று பெண்களுக்கு மதிப்பு இருந்தது என்றுதானே பொருள்? நல்ல கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் சொல்லுமுன் இன்னொன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது. இந்தப் பட்டியலை எழுதியவர் யார், எழுதப்பட்டவர் யார்?

இது நிர்வாக ஆவணம். நிலவரியை அளந்து, நாடுகளையும் வளநாடுகளையும் வகுத்து, எந்த ஊரிலிருந்து எத்தனை கலம் நெல் எந்தக் கோயிலுக்கு வரவேண்டும் என்று கணக்கிட்ட ஓர் அரசு, நெல்லைக் கணக்கிட்டதுபோலவே ஆட்களையும் கணக்கிட்டது. சேரமங்கை வந்தது திருவையாற்று ஒலோகமாதேவி ஈசுவரத்திலிருந்து. அந்தக் கோயிலை எடுப்பித்தவள் ராஜராஜனின் தேவி. அரசி கோயில் கட்டினாள். அந்தக் கோயிலின் பெண் அரசன் கட்டிய கோயிலுக்கு மாற்றப்பட்டாள். இடமாற்றத்துக்கு அவள் சம்மதித்தாளா என்பதற்குக் கல்வெட்டில் இடமில்லை.

அதற்காக அவர்களை வெறும் அடிமைகள் என்று முடித்துவிடவும் முடியாது. பங்கு பெறுபவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ அவருக்கு அடுத்த உறவினர் அந்தப் பங்கைப் பெற்றுப் பணி செய்யலாம். உறவினருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள வேறொருவரைக் காட்டலாம் என்று அதே கல்வெட்டு விதிக்கிறது. பரம்பரையாய் வரும் வருமானம், சொந்தப் பெயர், முகவரி எல்லாம் அவர்களுக்கு இருந்தன. சோழர் காலக் கோயில் பெண்களை ஆராய்ந்த லெஸ்லி ஓர், அவர்களில் பலர் கோயிலுக்குக் கொடை அளித்ததன் வழியாகவே தங்கள் தகுதியை நிறுவிக்கொண்டவர்கள் என்று காட்டுகிறார். கொடுப்பவளாக அவள் சுவரில் இடம்பெற்றாள். தீர்மானிப்பவளாக இடம்பெற்றாளா என்பதே என் கேள்வி.

தீர்மானித்தவர்கள் சபையிலும் ஊரிலும் நகரத்திலும் இருந்தார்கள். வேளாண் ஊர்களில் ஊரார், பிரமதேயங்களில் சபையார், வணிகர் குடியிருப்புகளில் நகரத்தார். குளம் வெட்டுவது, வரி பிரிப்பது, நிலம் விற்பது எல்லாம் இவர்கள் கையில். சபை உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளை விரிவாகச் சொல்லும் உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) காவிரிப்படுகையைச் சேர்ந்தவை அல்ல, தொண்டைமண்டலத்தவை. ஆயினும் சோழர் கால சபை எப்படிச் சிந்தித்தது என்பதற்கு அவற்றைவிடத் தெளிவான சான்று இல்லை. கால் வேலிக்குக் குறையாத இறைநிலம், சொந்த மனையில் கட்டிய வீடு, 35 முதல் 70 வரை வயது, வேதப் பயிற்சி ஆகியவை தகுதிகள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் குடத்தில் பெயர் இடத் தகுதியற்றவர்கள்.

குடவோலை முறையை நம் மக்களாட்சியின் வேர் என்று பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். அந்த உறவினர் பட்டியலை நிதானமாகப் படித்துப் பாருங்கள். சிற்றன்னை, பெரியன்னை மக்கள், அத்தை மக்கள், மனைவியோடு உடன்பிறந்தவன், சகோதரியை மணந்தவன், மகளை மணந்த மருமகன். பெண்கள் அங்கே இருக்கிறார்கள். ஓர் ஆணை இன்னோர் ஆணோடு இணைக்கும் முடிச்சாக இருக்கிறார்கள். பெண் உறுப்பினராகக் கூடாது என்று தனியே ஒரு விதி எழுத வேண்டிய தேவையே அவர்களுக்கு ஏற்படவில்லை.

இதே காலத்தின் இன்னொரு சொல் முதுகண். நிலத்தை விற்கும் அல்லது கொடையளிக்கும் பெண், குறிப்பாகப் பிராமணப் பெண், தன் சார்பில் செயல்பட ஓர் ஆணை முன்னிறுத்துவதைக் கல்வெட்டுகளில் காண்கிறோம். கணவனோ மகனோ உடன்பிறந்தவனோ அந்த முதுகணாக நிற்பான். நிலம் அவளுடையது, பேசும் வாய் அவனுடையது. இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வழக்கிலிருந்து சொல் போய்விட்டது, வேலை போகவில்லை.

பெண் பெயர் தாங்கிய ஊர்களுக்கும் இந்தப் படுகையில் குறைவில்லை. கண்டராதித்தரின் மனைவியும் உத்தமசோழனின் தாயுமான செம்பியன் மாதேவி, கைம்பெண்ணாக வாழ்ந்த நீண்ட காலத்தில் கோனேரிராசபுரம் முதலான பல கோயில்களைக் கற்றளிகளாக்கினாள். நாகப்பட்டினத்துக்கு அருகே அவள் பெயரிலேயே ஓர் ஊர் இருக்கிறது. எட்டு நூற்றாண்டுகளுக்குப் பின் மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி, ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் பெயரில் சத்திரம் கட்டினார். ஊருக்கே முத்தாம்பாள்புரம் என்று பெயர். நீடாமங்கலம் யமுனாம்பாள்புரம் ஆயிற்று. முத்தாம்பாள் அரசரின் முறைப்படியான மனைவி அல்லர், அன்புக்குரியவர். இறந்த பின் ஊருக்குப் பெயரானார்.

அரச குடும்பத்துப் பெண் உயிரோடு இருந்து உரிமை கேட்டால் என்ன ஆகும் என்பதற்கும் தஞ்சையில் சான்று உண்டு. 1855இல் கடைசி மன்னர் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்ததும் கிழக்கிந்தியக் கம்பெனி அரசையும் அரண்மனைச் சொத்தையும் எடுத்துக்கொண்டது. மூத்த அரசி காமாட்சி பாய் வழக்குத் தொடுத்தார். சென்னை உச்ச நீதிமன்றத்தில் வென்றார். 1859இல் இலண்டன் பிரிவி கவுன்சில் அதைத் தள்ளுபடி செய்தது. அரசு தன் இறைமையைக் கொண்டு செய்த செயலை நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். சட்டக் கல்லூரிகளில் இந்த வழக்கு இன்றும் பாடமாக இருக்கிறது.

1866இல் தஞ்சாவூர், கும்பகோணம், நாகப்பட்டினம், மாயவரம், மன்னார்குடி ஆகியவை நகராட்சிகளாயின. சாக்கடை, விளக்கு, சந்தை, அம்மை குத்துதல் என்று நிர்வாகம் வீட்டு வாசலுக்கு வந்தது. வாசலைத் தினமும் பெருக்கியவர்களுக்கு அதில் குரல் இல்லை. சென்னை மாகாணத்தில் 1921இல் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தபோதும் அது சொத்துள்ள பெண்களுக்கே கிடைத்தது. 1927இல் சட்ட மேலவைக்குள் நுழைந்த முத்துலட்சுமி ரெட்டி புதுக்கோட்டைக்காரர்; அவருடைய தாய் கோயில் மரபில் வந்தவர். 1929இல் அவர் முயற்சியால் வந்த சட்டத் திருத்தம், கோயில் பெண்கள் அனுபவித்த மானிய நிலத்தைக் கோயில் பணியிலிருந்து விடுவித்தது. மகளைப் பொட்டுக்கட்டாமலேயே நிலம் அவளிடம் தங்கலாம் என்றானது. 1014இல் சேரமங்கைக்குப் போட்ட முடிச்சு பணியோடு பங்கைப் பிணைத்த முடிச்சு. அதை அவிழ்க்க 900 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று, அவிழ்க்க ஒரு பெண் சபைக்குள் உட்கார வேண்டியிருந்தது.

அந்தப் போராட்டத்தில் பெண்கள் ஒரே அணியில் நின்றார்கள் என்று சொல்ல மாட்டேன். திருவாரூரில் பிறந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் தேவதாசி முறையை ஒழிக்க ஊர் ஊராகப் பேசினார்; 1936இல் ‘தாசிகள் மோசவலை’ நாவலை எழுதினார். ஒழிப்பை எதிர்த்தவர்களுள் பெங்களூர் நாகரத்தினம்மாள் ஒருவர். தஞ்சை மராட்டிய அவைக் கவிஞர் முத்துப்பழனியின் தெலுங்குக் காவியத்தை முழுமையாகப் பதிப்பித்து, அரசின் தடையைச் சந்தித்தவர் இவர்தான். இதே நாகரத்தினம்மாள் திருவையாற்றில் தியாகராஜர் சமாதியைத் தம் பொருளைச் செலவிட்டுக் கட்டினார். ஆராதனையில் பெண்கள் பாடக் கூடாது என்றார்கள் விழா நடத்திய ஆண்கள். கட்டடம் அவளுடையது, மேடை அவர்களுடையது. அவர் பெண்களைத் திரட்டித் தனி ஆராதனை நடத்தினார். கட்சிகள் ஒன்றுசேர்ந்த பிறகு பெண்களும் பாடினார்கள். முறையை ஒழிக்கச் சொன்னவரும் காக்கச் சொன்னவரும் கேட்டது ஒன்றுதான்: எங்களைப் பற்றிய முடிவில் நாங்கள் இருக்க வேண்டும்.

இதுவரை சொன்னவர்களுக்கெல்லாம் நிலத்தோடோ கோயிலோடோ அரண்மனையோடோ ஏதோ ஓர் உறவு இருந்தது. நாற்று நட்டவளுக்கு அதுவும் இல்லை. 1201ஆம் ஆண்டின் திருப்பாம்புரம் கல்வெட்டில், பஞ்சத்தில் ஒரு வேளாளர் தம்மையும் இரண்டு மகள்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொள்கிறார். வேளாளருக்கே இந்த நிலை என்றால் சேரிப் பெண்ணின் பஞ்சத்தை எந்தக் கல் எழுதியிருக்கும்? இருபதாம் நூற்றாண்டில் பண்ணையாட்களின் சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் எதிராகச் செங்கொடி எழுந்தபோது, பிராமணக் குடும்பத்தில் பிறந்து கைம்பெண்ணான மணலூர் மணியம்மை, கிராப்பு வெட்டி, வேட்டி சட்டை அணிந்து அவர்களோடு நின்றார். 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தலித் மக்களில் 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். 1973இல் உயர் நீதிமன்றம் நிலவுடைமையாளர்களை விடுவித்தது. அங்கும் ஒரு கல்லில் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. 1981இல் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் தொடங்கிய லாஃப்டி இயக்கம் இந்தப் பகுதியில் நிலமற்ற தலித் பெண்களின் பெயரிலேயே பட்டா வாங்கித் தந்தது. பெயர் கல்லிலிருந்து பட்டாவுக்கு வந்த பயணம் என்று இதைச் சொல்வேன்.

மாவட்டங்கள் பிரிந்தன. 1991இல் நாகப்பட்டினம், 1997இல் திருவாரூர், 2020இல் மயிலாடுதுறை. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் பக்கத்தில் வந்தது. இதைவிடப் பெரிய மாற்றம் 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம். 1994இன் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1996 தேர்தல் வழியாக மூன்றில் ஓர் இடத்தைப் பெண்களுக்குத் தந்தது. 2016இல் அது பாதியாயிற்று. 35 வயதும் கால் வேலியும் வேதமும் கேட்ட சபை போய், 21 வயதான, குடிசையில் வாழும் தலித் பெண் தலைவராகலாம் என்ற சபை வந்தது. காவிரி வரலாற்றில் இதற்கு ஈடான மாற்றம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் முதுகண் போகவில்லை என்றேனே. நான் போய்வந்த பல ஊராட்சி அலுவலகங்களில் பெயர்ப்பலகையில் அவள் பெயர், நாற்காலியில் அவள் கணவர். ‘தலைவர்’ என்று ஊர் கூப்பிட்டால் திரும்புகிறவர் அவர். ஒரு தலைவர் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: “கையெழுத்துப் போடுறதுக்கு மட்டும் வீட்டுக்கு நோட்டு வரும் டீச்சர். அடுப்புல உலை கொதிக்கும்போதுதான் சரியா வரும்.” இதே ஆண்டுகளில் வேறு ஊர்களில் வாய்க்கால் தூர்வாரும் பணியின் அளவைத் தாமே நடந்து பார்த்து, துணைத் தலைவர் காசோலையில் கையெழுத்திட மறுத்தும் விடாமல் போராடி ஜெயித்த பெண்களையும் சந்தித்திருக்கிறேன். இரண்டு வகைப் பெண்களுக்கும் சட்டம் ஒன்றே. வேறுபாடு, கணக்கைப் படிக்கத் தெரிந்ததிலும், படித்ததை உரக்கச் சொல்ல நாலு பெண்கள் பக்கத்தில் இருந்ததிலும் இருந்தது. தலைவியை மட்டும் குறைசொல்லும் நாம், அவள் பக்கத்தில் நிற்கிறோமா?

எனவே மாணவிகளுக்கு நான் தரும் வீட்டுப்பாடம் கல்வெட்டோடு முடிவதில்லை. ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடவேண்டும். அடுத்த கூட்டத்துக்கு உங்கள் அம்மாவையோ அத்தையையோ அழைத்துக்கொண்டு போங்கள். தீர்மானப் புத்தகத்தைக் கேளுங்கள். எந்தத் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் வந்தது, எந்தத் தெருவுக்கு வரவில்லை என்று பாருங்கள். வருகைப் பதிவில் எத்தனை பெண்களின் கையொப்பம், அதில் எத்தனை ஒரே கையெழுத்தில் இருக்கிறது என்று எண்ணுங்கள். பிறகு உங்கள் கையொப்பத்தை நீங்களே போட்டுவிட்டு, கூட்டம் முடியும்வரை உட்கார்ந்திருங்கள்.