தெரிந்த கதையும் தெரியாத எழுத்தரும்
இணுவில் நாடக ஏடுகளை முன்வைத்துச் சில குறிப்புகள்

யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை நோக்கிச் செல்லும் பெருவீதியில், கொக்குவிலைக் கடந்து மருதனார்மடத்தை அடையுமுன் எதிர்ப்படும் ஊர் இணுவில். தவிலுக்கும் நாதசுரத்துக்கும் பெயர்பெற்ற இவ்வூரைத் தவில் மேதை தட்சணாமூர்த்தியின் (1933 - 1975) பிறப்பிடமாகவே பலரும் அறிவர். இசைக்குக் கிடைத்த இப்புகழ் ஊரின் எழுத்து மரபுக்குக் கிடைக்கவில்லை. ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில் (1658 - 1796) இவ்வூரில் வாழ்ந்த சின்னத்தம்பிப் புலவர், கோவலன் நாடகம், அனிருத்த நாடகம், நொண்டி நாடகம் என மூன்று நாடகங்களை இயற்றியவர். நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவரோடு இவரை மயங்கிக் கொள்வோர் இன்றும் உளர். ஒல்லாந்தர் சிறையிலிட்டபோது சிவகாமியம்மையைப் பாடி மீண்டார் என்னும் கர்ணபரம்பரைக் கதையை அறிந்தவர்கள்கூட, அவருடைய நாடகங்களைப் பெயரளவிலேயே அறிந்திருப்பர்.

இம்மூன்று நாடகங்களிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. எதன் கதையும் புலவரின் சொந்தக் கற்பனையன்று. கோவலன் கதையை நாடு முழுவதும் அறியும். அனிருத்தன் உஷையின் கனவில் தோன்றியதும், தோழி சித்திரலேகை ஓவியந் தீட்டி அவனை இனங்காட்டியதும் பாகவதத்தில் உள்ளவை. நொண்டி நாடகத்துக்கோ கதைச்சட்டமே முன்கூட்டி வகுக்கப்பட்டது: களவு செய்து காலிழந்தவன் இறையருளால் மீண்டும் கால் பெறுவான். இவ்வகையில் எழுதப்பட்ட நாடகங்கள் தமிழகத்திலும் பல உள.

பிறர் படைத்த கதைமாந்தரை எடுத்துக்கொண்டு, அவர்கள்மீது கொண்ட பற்றினால், ஊதியம் கருதாது எழுதுவதை இன்று இரசிகர் புனைவு என வழங்குவர். இதனை மேனாட்டிலிருந்து அண்மையில் வந்த பழக்கமாகக் கருதுவாரும், எழுதத் தெரியாதவர்களின் பொழுதுபோக்கெனத் தள்ளுவாரும் நம்மிடையே உளர். முதற்கருத்து வரலாற்றுக்குப் பொருந்தாது. இரண்டாவது கருத்தினால் நமக்கு நேர்ந்த இழப்புப் பெரிது.

இத்தகைய எழுத்தின் தூண்டுகோல் யாது? மூலக்கதையில் உள்ள ஓர் இடைவெளியே என்பது எமது கருத்து. கோவலன் கதை ஈழத்தில் வளர்ந்த விதம் இதற்குச் சிறந்த சான்றாகும். கண்ணகியின் சிலம்பில் இருந்தவை மாணிக்கப் பரல்கள், பாண்டிமாதேவியின் சிலம்பில் இருந்தவை முத்துக்கள் என்கிறது சிலப்பதிகாரம். வழக்கே இதனால்தான் தீர்கிறது. ஆயின் அம்மணிகள் எங்கிருந்து வந்தன? இளங்கோவடிகளுக்கு அது தேவைப்படாத வினா. கடல் சூழ்ந்த இந்நாட்டில் கதை கேட்டவர்களுக்கோ அது தேவைப்பட்டது. மட்டக்களப்பில் கண்ணகி வழக்குரையாகவும் யாழ்ப்பாணத்தில் கோவலனார் கதையாகவும் வழங்கும் கதை மரபிலே, சிலம்புக்கு வேண்டிய நாகமணியைத் தேடி மீகாமன் என்பான் நாகதீவு நோக்கிக் கலம் செலுத்துகின்றான். வெடியரசன் தன் தம்பியரோடு அவனை எதிர்த்துக் கடலிலே பொருதுகின்றான். நெடுந்தீவில் ஓர் இடிபாடு இன்றும் வெடியரசன் கோட்டை எனப்படுகின்றது. மதுரையில் நிகழ்ந்த வழக்கொன்றிற்கு யாழ்ப்பாணக் கடலிலிருந்து சான்றுப்பொருள் அனுப்பி வைத்தவர்கள் நம் முன்னோர்! பெருங்காப்பியம் ஒன்றில் தம் ஊருக்கும் ஓர் இடம் வேண்டும் என்ற ஆசையன்றி இதற்கு வேறு காரணம் கூறவியலாது. சிலப்பதிகாரம் 1892இல்தான் உ. வே. சாமிநாதையரால் முழுமையாக அச்சேறியது என்பதும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. மூலநூல் கைக்கு எட்டாத நாளிலும் கதை எட்டியிருந்தது. அதனை எவரும் தொட்டு வளர்க்கலாம் என்ற துணிவும் இருந்தது.

இனி எழுதுகருவிகளை நோக்குவோம். பனை செறிந்த யாழ்ப்பாணத்தில் ஓலைக்குக் குறைவில்லை. ஆயின் அதனை ஏடாக்குவது எளிதன்று. ஓலையை அளவாக வார்ந்து, நீரில் அவித்து, நிழலில் உலர்த்தி, வழவழப்பாகத் தேய்த்துப் பதப்படுத்த வேண்டும். பின்னர் இடக்கையில் ஏட்டைப் பிடித்து, வலக்கை எழுத்தாணியால் கீறிச் செல்வர். எழுத்துத் தெளிவதற்குக் கரியும் இலைச்சாறும் பூசுவர். கீறிய எழுத்தை அழித்தெழுத வழியில்லை. ஆதலின் பாடல் முழுவதையும் மனத்திலே செப்பஞ் செய்த பின்னரே புலவன் எழுத்தாணியைத் தொட்டான். எதுகையும் மோனையும் அவனுக்கு அணி மட்டுமல்ல. ஏட்டில் ஏறும்வரை வரிகளைச் சிதறாமற் கட்டிவைத்த கயிறும் அவையே. ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபடுவதில்லை. கதை தெரிந்தவனே ஏட்டைப் பிழையின்றிப் படிக்க இயலும். தெரிந்த கதையே திரும்பத் திரும்ப எழுதப்பட்டமைக்கு இக்கருவியின் இயல்பும் ஒரு காரணம் என்று கொண்டால் தவறாகாது.

எழுதும் பழக்கத்தை வகுத்தது அரங்கு. கோயில் திருவிழாவும் அறுவடைக்குப் பின்னான ஓய்வும் கால எல்லை இட்டன. தோட்டவேலை முடிந்து இரவில் கூடும் ஆட்டக்காரர்களுக்கு அவரவர் பாட்டைக் கொடுத்தாக வேண்டும். மட்டக்களப்பில் இதனைச் சட்டங் கொடுத்தல் என்பர். ஏட்டைக் காப்பவர் ஏட்டண்ணாவியார். பாடிப் பார்க்கையில் இடறும் அடி மாற்றப்படும். குரல்வளம் உள்ளவன் கிடைத்தால் அவனுக்கெனப் பாட்டொன்று கூடும். இவ்வாறு எழுதியவன் தனியனல்லன். எழுதி முடித்த உடனேயே கேட்பவர் எதிரே இருந்தனர். அவர்கள் கதையை அவனளவுக்கு அறிந்தவர்களாயும் இருந்தனர். அத்தகைய அவை கொடுமையானது. அதனால்தான் அவையடக்கம் பிறந்தது போலும். வான்மீகியின் கதையை எடுத்தாண்ட கம்பனே தன்னைப் பாற்கடலைக் குடிக்கப் புகுந்த பூனையாகக் கூறிக்கொண்டான். இன்றைய இரசிக எழுத்தர்கள் தம் கதையின் தலைப்பில், மாந்தர் தமக்குரியரல்லர் என்று எழுதிவைக்கும் குறிப்பும் இவ்வடக்கத்தின் வழிவந்ததே.

ஏடு மறைந்து கொப்பி வந்தபோதும் இப்பழக்கம் மாறவில்லை. நடிகமணி வி. வி. வைரமுத்து (1924 - 1989) ஆயிரக்கணக்கான மேடைகளில் ஆடிய அரிச்சந்திர மயானகாண்டத்தைக் கண்டு வளர்ந்த தலைமுறையில், பாட்டுக் கொப்பி இல்லாத ஊர் அரிது. இக்கட்டுரையாளன் சிறுவனாயிருந்தபோது, அயலில் வாழ்ந்த தோட்டக்காரர் ஒருவரிடம் அத்தகைய கொப்பியொன்றைக் கண்டதுண்டு. அதன் கடைசிப் பக்கங்களில், சந்திரமதியை அடிமைகொண்ட காலகண்டனின் மனைவி பிள்ளை இறந்த செய்தி கேட்டு இரவில் உறக்கமின்றித் தவிப்பதாக அவர் தாமே பாடிவைத்திருந்தார். எந்த மேடையிலும் அது பாடப்பட்டதில்லை. ஏன் எழுதினீர்கள் என்று கேட்டதற்கு, "அவளும் ஒரு பெண்பிள்ளைதானே தம்பி, ஒண்டும் நினைச்சிருக்க மாட்டாளே?" என்றார். மூலக்கதையின் இடைவெளி பற்றி மேலே கூறியதனை இதைவிடத் தெளிவாக யானறிந்த திறனாய்வாளர் எவரும் கூறியதில்லை. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, அவ்வீட்டார் உறுதிகளையும் நகைகளையும் எடுத்துச் சென்றனர். கொப்பி எஞ்சவில்லை.

ஏட்டுச்சுவடி பெயர்த்தெழுதப்பட்டாலன்றி வாழாது. எதனைப் பெயர்த்தெழுதுவது என்று முடிவுசெய்வது மதிப்பீடு. புராணமும் இலக்கணமும் பெயர்த்தெழுதப்பட்டன, பின் அச்சேறின. கூத்தேடுகள் செல்லுக்கு இரையாயின. பேராசிரியர் சு. வித்தியானந்தன் மன்னார்ப் பகுதி நாடகங்களைத் தேடிப் பதிப்பித்ததும், 1960களில் பேராதனை மேடைக்குக் கூத்தைக் கொணர்ந்ததும் இவ்வலட்சியத்தைப் பெரிதும் தடுத்தன. அம்மேடையில் ஏறிய மௌனகுருவின் இராவணேசன், அறிந்த கதையை இராவணன் பக்கம் நின்று நோக்கியது. இருந்தும் 1981 யூன் முதல் நாளை ஒட்டிய இரவில் யாழ் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களோடு ஓலைச்சுவடிகளும் சாம்பராயின. படி எடுக்கப்படாதிருந்த சுவடிகளுக்கு மறுபிறவி இல்லை.

பிறநாட்டார் இவ்விடயத்தில் எம்மினும் விழிப்பாயிருந்தனர். 1967இல் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரொன்றின் இரசிகர்கள் 'ஸ்பொக்கனேலியா' என்ற இதழைத் தாமே றோணியோ செய்து வெளியிட்டனர். அத்தகைய இதழ்களை அங்குள்ள பல்கலைக்கழக நூலகங்கள் இன்று சேகரித்துப் பேணுகின்றன. தமிழிலும் கல்கியின் பொன்னியின் செல்வனுக்குத் தொடர்ச்சியாக விக்கிரமன் நந்திபுரத்து நாயகியை எழுதினார். அகலிகைக்குப் பின் நேர்ந்ததைப் புதுமைப்பித்தன் சாபவிமோசனத்தில் வினவினார். அவர்கள் பெயர்பெற்ற எழுத்தாளர்களாதலின் அவ்வெழுத்துகள் நின்றன.

இன்று எம் மாணவர் பலர் கைத்தொலைபேசியில், விரிவுரைக்கும் விரிவுரைக்கும் இடையே, வந்தியத்தேவனையும் குந்தவையையும் வைத்து எழுதுகின்றனர். எழுத்தாணி பிடித்தவனுக்கு மறுக்கப்பட்ட வசதி, அழித்தெழுதும் வசதி, இவர்களுக்கு அளவின்றிக் கிடைத்திருக்கிறது. கருவி பழுதானால் எழுத்தும் போய்விடுகின்றது. அதனை எவரிடமும் காட்ட அவர்கள் கூசுவதால் வேறு படியும் இருப்பதில்லை. இவர்களுள் ஒருவர் சென்ற தவணையில் தம் கதையை எம்மிடம் தந்தபோது, "இது சும்மா எழுதினது, சேர்" என்று இருமுறை கூறினார். அதனை அச்செடுத்துத் திகதியிட்டு, எமது துறையின் அலுமாரியில் வைத்திருக்கின்றோம்.