சர்க்கார் கைகொடுத்த கப்பல்

சோழன் கடாரம் கொண்டான் என்று மேடைதோறும் பேசிக் கைதட்டல் பெறுகிறோம். அது 1025-ஆம் ஆண்டுச் செய்தி. அக்கடாரத்துக்குத் தெற்கே, சுங்கை சிப்புட் தோட்டங்களில் குடியேறிய நம் பாட்டன்மார் எவருடைய கப்பலில் வந்தார்கள், அக்கப்பலுக்குக் கூலி எங்கிருந்து போயிற்று என்று கேட்பாரைத்தான் காணோம்.

அவர்களை நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு ஏற்றி வந்தது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. 1856-இல் கல்கத்தா–பர்மா வழிக்கெனத் தோன்றி, 1862-இல் இப்பெயர் பூண்டது. அது வளர்ந்தது முதலாளிகளின் சாமர்த்தியத்தால் மட்டுமன்று. தபால் கொண்டுசெல்லச் சர்க்கார் ஒப்பந்தம் கொடுத்தது. கப்பலில் சரக்கு நிறைந்தாலும் குறைந்தாலும் தபால் பணம் தவறாது வந்துகொண்டிருந்தது. அத்தகைய கம்பெனி நஷ்டத்துக்கு அஞ்சுமோ?

மலாயாவில் 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டது. தொழிலாளர் வேலை செய்த நாட்களைக் கணக்கிட்டுத் தோட்டத் துரைமார்களிடம் சர்க்கார் வரி வாங்கிற்று. கங்காணி அழைத்துவந்த ஆட்களின் கப்பற் கூலி அந்நிதியிலிருந்தே கொடுக்கப்பட்டது. கொடுத்தவர் துரை என்பது ஏட்டுக் கணக்கு. அவ்வரி விளைந்ததோ பால்மரத்தடியில் சிந்திய வியர்வையில். அந்த வேலைநாட்களைச் செக்ரோலில் பதிந்த கை நம் போன்ற கிராணிமாரின் கை என்பதையும் மறைப்பானேன்?

சர்க்கார் மேற்பார்வை இல்லாமலும் இல்லை. தளத்துப் பிரயாணிகள் எத்தனை பேர், தலைக்கு எவ்வளவு இடம், எவ்வளவு தண்ணீர் என்றெல்லாம் சட்டம் அளந்து வைத்தது. பினாங்கில் இறங்கியவர்களை ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்புக்காக நிறுத்தியும் வைத்தார்கள். குடிகளே ஒரு கப்பல் வாங்கினால் அதற்கும் இந்த ஆதரவு உண்டா என்பதை மட்டும் சட்டம் சொல்லவில்லை.

அதற்கு விடை தூத்துக்குடியில் கிடைத்தது. வ.உ. சிதம்பரம் பிள்ளை 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பற் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கொன்றுக்கு 25 ரூபாய். காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வந்து கொழும்புக்கு ஓடின. உடனே வெள்ளைக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது; கடைசியில் இலவசமாக ஏற்றிக் குடையும் கொடுத்தது என்பர். அதிகாரிகளோ வெள்ளைக் கம்பெனியின் பக்கம் நின்றார்கள். 1908 மார்ச்சில் பிள்ளை கைதானார். ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை. அப்பீலில் அது குறைந்து 1912 முடிவில் அவர் வெளிவந்தபோது, கம்பெனி 1911-இலேயே கலைந்து போயிருந்தது. பங்குதாரர்களின் ஒற்றுமைக் குறைவே காரணம் என்பாரும் உளர். அதிலும் உண்மையுண்டு. ஆயினும் ஒருவனுக்குப் பொக்கிஷத்தைத் திறந்துவிட்டு, மற்றவனுக்குச் சிறையைத் திறந்துவைத்து, இருவரும் சமமாகப் போட்டியிட்டார்கள் என்று சொல்வது நியாயமாகாது.

1919-இல் பம்பாயில் எழுந்த சிந்தியா கம்பெனிக்கும் இந்தக் கட்டணப் போர் தப்பவில்லை. இந்தியக் கரையோர வாணிபத்தை இந்தியக் கப்பல்களுக்கே ஒதுக்க வேண்டுமென ஹாஜி என்பார் 1928-இல் சட்டசபையில் கொண்டுவந்த மசோதா நிறைவேறவில்லை. சுதந்திரம் வந்தபின் 1950-இல்தான் அது கைகூடியது. 1961-இல் இந்தியச் சர்க்காரே கப்பற் கழகம் அமைத்தது. மலேசியாவும் 1968-இல் தேசியக் கப்பற் கம்பெனி கண்டு, 1980-இல் உள்நாட்டுக் கடல்வழிச் சரக்கைத் தன் கப்பல்களுக்கு ஒதுக்கியது.

நம்மவர் இன்றும் பெயர் சொல்லும் ‘ரஜூலா’ அந்தப் பழைய கம்பெனி 1926-இல் விட்ட கப்பல்தான். 1973-இல் அதை விலைக்கு வாங்கியது இந்தியக் கப்பற் கழகம். அது உடைபடப் போனபின் சென்னை வழியில் ஓடிய கழகக் கப்பலின் பெயர் ‘சிதம்பரம்’. அப்பெயரைக் கேட்ட தமிழனுக்குத் தூத்துக்குடி நினைவு வாராதிருக்குமோ? 1985 பிப்ரவரியில் அது நடுக்கடலில் தீப்பற்றிப் பலர் மாண்டனர். அத்துடன் அச்சேவை நின்றது. ஊருக்குப் போக நினைத்தவர்களுக்கு அதன்பின் விமானமே வழியாயிற்று.